ஆறு தொட்டிக் காராமணி

ஆறு தொட்டியிலும் ஒரு நெற்றுகூட இல்லை.

ஆஃபியா கொடிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். தானாக உதிரவில்லை, அணிலும் கொறிக்கவில்லை. காம்போடு பக்குவமாகக் கிள்ளியிருந்தது.

சிட்லபாக்கத்தில் அந்த ஆய்வுக்கூடத்தின் மொட்டை மாடியில் மொத்தம் பன்னிரண்டு தொட்டிகள். ஆறு நோஞ்சானாக நின்றன. முருங்கை இலைச்சாறு தெளித்த ஆறு மட்டும் தளதளவென்று காய்த்திருந்தன. அவற்றின் விதைகளைத் திங்கட்கிழமை பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

விதை இல்லையென்றால் இரண்டு வருட உழைப்பு இல்லை. பட்டம் இல்லை. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அத்தாவிடம் கெஞ்சி வாங்கிய அவகாசமும் வீண்.

காய்ச்சலில் இரண்டு நாள் அவள் வரவில்லை. அவளைத் தவிர மாடிச் சாவி கனகவல்லியிடம் மட்டுமே இருந்தது.

கூட்டிப் பெருக்க வந்தவர்தான் கனகவல்லி. தொட்டிகளைத் தானாகவே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். முருங்கை இலைகூட அவர் வீட்டு மரத்துடையது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். காசு கொடுத்தால், மரம் எனக்கு வெலைக்கா குடுத்துச்சு என்று சிரிப்பார்.

தொழுகை முடிந்து துஆ கேட்கும்போது ஆஃபியா அவர் பேரையும் சேர்த்துக்கொள்வாள்.

அந்தக் கைதானா?

கனகவல்லி துடைப்பத்தோடு படியேறி வந்தார். கேட்டு முடிக்குமுன்பே ஆமாம் என்றார். மழை வருகிற மாதிரி இருந்ததாம். நெற்று நனைந்து வீணாகிவிடுமே என்று பறித்தாராம்.

பறித்ததை இங்கேயே வைக்காமல் ஏன் கொண்டுபோனீர்கள் என்று ஆஃபியா கேட்டாள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் இப்படிச் செய்வார்களா என்றும் கேட்டுவிட்டாள்.

கனகவல்லிக்கு அந்தக் கோபம் விளங்கவில்லை. மகள் ஷீலாவுக்கு இது ஏழாம் மாசம். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படித்த பெண் பார்த்துப் பார்த்து வளர்த்த பயறு, கடையில் கிடைக்குமா? கேட்டால் ஆஃபியா பாப்பா இல்லையென்றா சொல்லும் என்று எடுத்துப்போனாராம்.

"நேத்து ராத்திரி ஊறப்போட்டேன் பாப்பா. இந்நேரம் வேகவெச்சிகினு இருப்பா. மருந்து ஊத்துன பயிறாச்சே, வயித்துப் புள்ளைக்கு நல்லதுன்னு..."



மருந்து. அந்தச் சொல் ஆஃபியாவுடையது.

ஆய்வு தொடங்கிய முதல் நாள், முருங்கைச் சாற்றோடு இன்னொரு பாட்டிலையும் கொடுத்து, பன்னிரண்டு தொட்டியிலும் மண்ணில் ஊற்றச் சொன்னாள். நிறமில்லாத தண்ணீர். இது இன்னாது என்று கனகவல்லி கேட்டார்.

காட்மியம் என்று சொல்லியிருக்கலாம். ஆலைக் கழிவில் வருகிற விஷ உலோகம், அதை மண்ணில் கலந்துவிட்டு முருங்கைச் சாறு பயிரைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்து நின்றுவிடுவாரோ என்று, அதுவும் மருந்துதான் அக்கா என்றாள். ஊற்றியதும் கையைக் கழுவிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். யாரையும் நோகடிக்காத சின்னப் பொய் என்று அன்று நினைத்தாள்.

செடி பிழைத்துவிட்டது. விதைக்குள் எவ்வளவு விஷம் ஏறியிருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த விதைகள்.

இப்போது சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள்.

கனகவல்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

வீட்டில் போன் உண்டா என்று ஆஃபியா கேட்டாள். இல்லையென்று தலை அசைந்தது. நானும் வருகிறேன் அக்கா, ஆட்டோவில் போய்விடலாம் என்று அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

கனகவல்லி கையை இழுத்துக்கொண்டார்.

"வழி விடுங்க மேடம்."