மூன்று டப்பா

இந்தக் காலத்துச் சனங்கள் சொந்த உடம்பை விட்டுவிட்டுத் துண்டுக் காகிதத்தை நம்புகிறார்கள் என்று பொருமியபடியே மருத்துவ முகாமுக்குள் நுழைந்தார் சடையப்பன். காலில் புண் ஆறவில்லை. சர்க்கரைதானா என்று பார்க்க அவருடைய சிறுநீரைக் கேட்டிருந்தார்கள். அவரோ சோதனையையே சோதித்துவிட மூன்று டப்பா கொண்டுவந்திருந்தார். முதல் டப்பாவில் நர்ஸ் ரெஜினா தோய்த்தெடுத்த சோதனைக் காகிதம் பச்சையானது.

"சர்க்கரை இருக்கு தாத்தா."

"மாட்டுனியா! அது எளநீரும்மா!" என்று துள்ளினார்.

"எளநீர் பின்ன உப்பாவா இருக்கும்?" முகாமே சிரித்தது.

இரண்டாவதில் நிறம் மாறவில்லை. "இதுல துளியும் இல்ல."

"கெணத்துத் தண்ணி," என்று முனகினார்.

"ரெண்டும் சரியாப் போச்சா? மூணாவதக் குடுங்க."

அதுதான் அவருடையது. சட்டென்று துண்டுக்குள் மறைத்தார். "ரெண்டு தடவ குருட்டாம்போக்குல பட்டுட்டா மூணாவதும் நெசமாயிடுமா?" என்று கத்திவிட்டு, புண்காலை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.