காய்ச்சல் லீவு

“வெயிலே இல்ல, எதுக்குங்க கறுப்புக் கண்ணாடியும் முகமூடியும்?” என்றாள் சயோரி.

“மெதுவாப் பேசு. ஜப்பான்காரங்க யாராவது இருக்கப் போறாங்க.” கொரியப் பனிச்சறுக்கு மலையின் லிஃப்ட் வரிசையில் நின்ற இனாபா முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டான். டோக்கியோ அலுவலகத்தில் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தான்.

“நம்ம நாட்டுலயே பனி கொட்டிக் கிடக்கு. அங்கேயே போயிருக்கலாம்.”

“விமான டிக்கெட்டைச் சேத்தாலும் இங்க செலவு கம்மிடி. ஆனா வெளியில சொல்ல முடியுமா? ‘ஜப்பானை விட மலிவான பனிச்சறுக்கு உலகத்துலயே கிடையாது’ன்னு தினம் அம்பது பேருக்கு போன்ல டூர் விக்கிறவன் நான்! குரோடா சாருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்.”

“டூருக்கு ரேட் போடறாரே, அந்த மேனேஜரா?”

“அவரேதான்.”

முன்னால், அதேபோல முகத்தை மூடி நின்றவர் சட்டென்று திரும்பி முகமூடியை இறக்கினார்.

குரோடா!

இனாபாவின் இடுப்பு தானாக வளைந்தது. “சார், மன்னிச்சிடுங்க... காய்ச்சல்...”

“குனியாதேய்யா, எல்லாரும் பாக்கறாங்க!” என்று பதறிய குரோடா, குரலைத் தாழ்த்தினார். “நானும் காய்ச்சல்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நீங்களா? அந்த ரேட்டைப் போட்டதே நீங்கதானே சார்?”

“அதனாலதான்யா இங்க வந்தேன்!”