பொடி எழுத்துச் சுரங்கள்

இசைத்தாளில் எனக்கு முதல் நாற்பது பார் ஓய்வு. ஒரு பாருக்கு நான்கு தட்டு. மற்றவர்கள் வாசிக்க, நான் செருப்புக்குள் கட்டைவிரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

கண் மட்டும் கதவில் இருந்தது.

நாற்பத்தொன்றாவது பாரில் தனி கிளாரினெட். அது என் தோழி வேணியின் இடம். அவள் இல்லாவிட்டால் நான் வாசிப்பதற்காக அதே சுரங்கள் என் இரண்டாம் கிளாரினெட் தாளிலும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன.

திண்டிவனம் மாலை பேண்டு வகுப்பில், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அன்றுதான் கடைசி ஒத்திகை.

"அவ வந்துட்டான்னா ஞாயித்துக்கெழம அவதான். வரலன்னா நீ அந்தப் பொடி எழுத்த வாசிச்சிடு," என்றிருந்தார் சவுரிராயன் மாஸ்டர். "நீதான் அந்நேரம் சும்மா இருப்ப, பானு. அவ தல தெரிஞ்சா கையத் தூக்கு, நிறுத்திடறேன்."

நாங்கள் வாசித்தது ஜப்பான்காரர் ஒருவர் பேண்டுக்காக எழுதிய இசை. அவர்கள் புராணத்துச் சூரியதேவி மனம் நொந்து குகைக்குள் போய்ப் பாறையை இழுத்து மூடிக்கொள்கிறாள். உலகம் இருண்டுபோகிறது. மற்ற தெய்வங்கள் வெளியே கொட்டடித்துச் சிரித்துக் கூத்தாடுகின்றன. என்ன சத்தம் என்று கேட்கிறாள். உன்னைவிடப் பிரகாசமான ஒருத்தி வந்திருக்கிறாள் என்று பொய் சொல்கிறார்கள். யாரது என்று பார்க்க அவள் பாறையைக் கொஞ்சம் நகர்த்துகிறாள்.

அந்த இடுக்கில் வரும் முதல் வெளிச்சம்தான் வேணியின் கிளாரினெட்.

வேணி விழுப்புரத்தில் நான்கு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பைபாஸில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் முன்பற்கள் இரண்டும் போயின. புதுப் பல் கட்டியாகிவிட்டது. அப்படியும் யாரிடம் பேசினாலும் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

போன வாரம் நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

"இந்தப் பல்ல வச்சிக்கினு இன்னாத்தடி ஊதறது? கழண்டு போய் மாஸ்டர் சொட்ட மேல உழுந்தா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வாயை மூட மறந்திருந்தாள்.

"நீ வரலன்னா அந்த எடத்த வாசிக்க ஆளே இல்லடி," என்றேன்.

அந்த இடத்தைத்தான் நான்கு மாதமாக மொட்டைமாடியில் தினம் முப்பது முறை வாசித்துக்கொண்டிருந்தேன். நோட்டில் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

"சாமிங்க கூத்தடிக்கினு இருக்குது! நீங்க இன்னாடா சாவு வூட்ல குந்தினா மாரி?" மாஸ்டர் கத்தினார்.

டிரம்கள் உயர்ந்தன. மாஸ்டரின் முதுகு கதவுப் பக்கம். மற்றவர்களின் கண்கள் தாளில்.

முப்பத்தொன்பது. நாற்பது.

ஊதினேன்.

அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் வாசித்ததில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சாயங்கால வெயில் தரையில் கோடாக விழுந்திருந்தது. அந்த வெயிலில் வேணி நின்றாள், கிளாரினெட் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு.

என்னைப் பார்த்தாள். அவள் கை மெல்ல எழுந்து வாயை மூடியது.

தரையில் இருந்த கோடு மெலிந்து, இல்லாமல் போயிற்று.

ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "வருவான்னு நெனச்சேன்."

"பஸ்ஸு கெடைக்கலியோ என்னமோ, சார்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன் பிறகு இரண்டு முறை விழுப்புரம் போனேன். வேணியின் அம்மா காந்திமதி அறைக் கதவைத் தட்டி, "பானு வந்துக்கிறா, பாரேன்," என்றார். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது வர்றியேம்மா," என்றார்.

அந்தக் கடைசி ஒத்திகைத் தேதியில் என் நோட்டில் இப்படித்தான் இருக்கிறது: 'வேணி தாமதம். அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.'

எனக்கு எண்ணிக்கை தவறியதே இல்லை.

கதவு திறந்தது முப்பத்தோராவது பாரில்.