அறுக்கலாமா, வேண்டாமா?

"கொஞ்சம் உக்காருங்களேன்! உங்க நடையைப் பாத்தே எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

கணவர் கேட்டால்தானே! டாக்டரின் அறையில் ஜன்னலுக்கும் எடை மெஷினுக்கும் நடுவே ஐந்தடி இருந்தால் அதிகம். அதற்குள்ளேயே அரை மணி நேரமாகக் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடுவில் இரண்டு தடவை எடை வேறு பார்த்தாயிற்று.

கழுத்தில், தைராய்டு சுரப்பியில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. 'நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை' என்று ரிப்போர்ட். அன்றைக்குப் போன தூக்கம் மனிதருக்கு இன்னும் திரும்பவில்லை.

"ரிசல்ட் இப்போ வந்துடும் சார்" என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. முப்பது வயதைத் தாண்டாத பெண்.

"அது என்ன டெஸ்ட்டும்மா? மூணு வாரமா இவருக்கு வேற பேச்சே இல்லை" என்றாள் மனைவி.

"ஊசியில எடுத்த செல்லோட மரபணுவைப் பாக்கறதும்மா. புற்றுநோய்க்கான மாற்றம் எதுவும் இல்லேன்னா பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டியதில்லை. அப்பப்போ ஸ்கேன் பண்ணிக் கட்டியைக் கவனிச்சுக்கிட்டாப் போதும்."

"மாற்றம் இருந்தா?"

"கத்திதான்!" என்று ஜன்னல் பக்கமிருந்து கணவரின் குரல் வந்தது. "பக்கத்துலயே குரல் நரம்பு ஓடுது. கை கொஞ்சம் பிசகினாப் போதும், ஆயுசுக்கும் கரகரன்னு பேச வேண்டியதுதான்."

"ஊருக்கெல்லாம் தைரியம் சொன்ன வாய்! தனக்குன்னு வந்ததும் எங்க போச்சு அந்த தைரியம்?"

"நீ சும்மா இரு. உன் கழுத்தா?"

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. டாக்டர் படிக்கத் தொடங்கினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நடை நின்றுபோய், கணவரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"சட்டுனு சொல்லுங்கம்மா, உயிர் போகுது!"

"மாற்றம் எதுவுமே இல்லை சார். கத்தி வேண்டாம்."

அப்பாடா! பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நான்தான் சொன்னேனே!"

"எப்போ சொன்னீங்க? நேத்துகூட உயில் எழுதணும்னீங்க!"

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன உயிர் திரும்பியதில் பேச்சு தாராளமாக வந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்மா. வேற யாராவதா இருந்தா 'எதுக்கு வம்பு, எடுத்துடலாம்'னு அன்னிக்கே டேபிள்ல படுக்கப் போட்டிருப்பாங்க. என்ன கட்டின்னே தெரியாம ஒருத்தர் கழுத்துல கத்தி வைக்க எப்படித்தான் மனசு வருதோ!"

டாக்டர் சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அடிக்கழுத்தில் முடி போல மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு.

"எனக்கு வச்சாங்க சார். பத்தொன்பது வயசுல. இதே மாதிரி நிச்சயமில்லாத ரிப்போர்ட்தான். எடுத்துப் பாத்தா அது சாதாரணக் கட்டி. அன்னிலேருந்து தினமும் மாத்திரை."

"ஐயோ பாவமே!" என்றாள் மனைவி.

கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சின்னப் பொண்ணு கழுத்தைப் போய்... எந்த மடையன் அவன்? பேரைச் சொல்லுங்க, உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

"திட்டாதீங்க சார், அப்போ இந்த டெஸ்ட்டே வரலை" என்று சிரித்தார் டாக்டர். "தையல்கூட நீங்க ரொம்ப அழகாத்தான் போட்டிருந்தீங்க."