கிருமி வந்த வழி

முத்தையாபுரத்தில் நாற்பத்தொரு பேருக்கு ‘மெட்ராஸ் ஐ’. யாரிடமிருந்து பரவியது என்று கண்டுபிடிக்க, இருபது வருடமாக வைரஸையே ஆராயும் என்னை அனுப்பியிருந்தார்கள்.

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கண் சிவந்திருந்த அனுசியாவை விசாரித்தேன்.

“அடுத்தவங்க துண்டுல முகம் துடைச்சீங்களா?”

“இல்ல ஸார்.”

“துறைமுக பஸ்ல போனீங்களா?”

“இல்ல ஸார்.”

“பின்ன எங்கதான் கூட்டத்துல நின்னீங்க?”

“போன வாரம் இங்க நீங்க போட்ட முகாமுலதான் ஸார். கிருமியப் பாருங்கன்னு ஊரையே வரிசையில நிப்பாட்டி, ஒரே மைக்ராஸ்கோப்புல கண்ண வைக்கச் சொன்னீயள்லா? மொதல்ல நீங்கதான பாத்தீய. அன்னைக்கே உங்க கண்ணு செவசெவன்னுல்லா இருந்துச்சு!”

அறிக்கையில் ‘முதலில் பரப்பியவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

பெயருக்குப் பின்னால் போடும் பட்டங்களுக்குத்தான் இடம் போதவில்லை.