கையுறை போட்ட விருந்தாளி

"ஐயா, அந்தப் பாட்டிலை முதல்ல கீழ வைங்க. இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா நான் இப்படியே திரும்பிப் போயிடுவேன்!"

ரூம் ஸ்ப்ரேயைத் தூக்கிப் பிடித்த பெரியவரின் கை அப்படியே நின்றது.

அவரை அதட்டிப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கஞ்சி போட்ட சட்டையும் வளையாத முதுகுமாக நடக்கும் அவருக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கொடிக்கம்பம்'. ஆனால் இன்று விஷயம் வேறு. அவருடைய மகளைப் பெண் கேட்டுப் பத்து மணிக்குப் பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஒன்பதே முக்காலுக்கே இந்த அம்மாள் மணியை அடித்து, "உள்ள வரலாமா?" என்றார். வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசுவது பெரியவருக்கு வழக்கமில்லை. "இது உங்க வீடு மாதிரி. தாராளமா எல்லாத்தையும் பாருங்க" என்று அழைத்து வந்துவிட்டார்.

இதற்கு முன் வந்த மூன்று இடங்களும் கைகூடவில்லை. வந்தார்கள், பத்து நிமிஷம் இருந்தார்கள், இருமினார்கள், கண் கலங்கினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். நான்காவதும் தட்டிப்போனால் ஊரில் தலை காட்ட முடியாது.

"ரோஜா வாசனை பிடிக்கலையாம்மா? எலுமிச்சையும் இருக்கு. மாத்தி அடிக்கட்டுமா?"

"எதுவும் அடிக்க வேண்டாம். ஜன்னலைத் திறங்க."

தூசி வரும் என்று வருஷக்கணக்கில் திறக்காத ஜன்னலைப் பெரியவர் தன் கையாலேயே திறந்தார். சமையலறை வாசலில் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவள் சொன்னதும் இதேதான். 'எங்க பரம்பரைக்கே வீடு நடத்தச் சொல்லிக் குடுக்கறியா?' என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பதில்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். 'என்ன சுத்தம்! நம்ம பொண்ணு குடுத்து வச்சவ' என்று பெரியவர் பூரித்துப்போனார்.

அலமாரியைத் திறந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார். "அந்துருண்டையா?"

"தட்டுக்கு இருபது! ஒரு பூச்சி எட்டிப் பார்த்ததில்ல."

"பூச்சியே எட்டிப் பாக்கல, மனுஷங்க எப்படி வருவாங்க? எல்லாத்தையும் எடுங்க."

மருமகள் யாரும் கேட்காமலே ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள்.

குளியலறையில் அம்மாளின் குரல் உயர்ந்தது. "பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் பக்கத்துல பக்கத்துல இருக்கே. சேத்தா ஊத்தறீங்க?"

"சேத்து ஊத்தினா பளபளப்பு ஜாஸ்திம்மா."

"சேத்து ஊத்தினா விஷப்புகை, ஐயா! மூச்சே நின்னுடும்."

"அதான் மாமா உள்ள போனா இருமிட்டே வர்றாரா?" என்றாள் மருமகள். "வயசுன்னுல்ல நினைச்சோம்."

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா!"

சமையலறையில் கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவை அம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மேல இருந்த கறுப்புப் பூச்சு பாதியைக் காணோமே. எங்க போச்சு?"

மாமனாரும் மருமகளும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தவா சாக்குக்குள் போனது. கொசுவத்திகளும் மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய பெயிண்ட் டப்பாக்களும் பின்னாலேயே போயின.

கௌரவத்தை எப்படியாவது மீட்கவேண்டுமே! பெரியவர் ஒரு டப்பாவைப் பெருமையோடு நீட்டினார். "உடம்பு விஷயத்துல நாங்க ரொம்பக் கவனம்மா. கழிவு நீக்கற பொடி. நாற்பத்தெட்டு சரக்கு! உள்ள இருக்கிற நஞ்செல்லாம் ஓடிப்போயிடும்."

அம்மாள் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நாற்பத்தெட்டுல ஒண்ணோட பேர்கூட எழுதலையே. அந்த வேலையைத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் ஒரு நாள் லீவு போடாம பாத்துட்டிருக்கு. தண்ணி குடிங்க, காய்கறி சாப்பிடுங்க, நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க. அதுங்களுக்குக் கூடுதல் வேலை வைக்காம இருந்தாலே போதும், ஐயா."

மருமகள் சொல்லியிருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். பெரியவரோ பொடியையும் சாக்கில் போட்டுவிட்டார்.

தன் அறைக் கதவை மெல்லத் திறந்த மகள், "அண்ணி, நம்ம வீட்டுக்குள்ள காத்து வருது! நான் தும்மவே இல்ல!" என்றாள் ஆச்சரியத்துடன்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, நாங்க யாருக்கும் தலை வணங்கின குடும்பம் இல்ல. உங்க ஒருத்தருக்காக வணங்கியிருக்கேன். இப்ப மனசு விட்டுச் சொல்லுங்க. வீடு எப்படி?"

"இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்று சிரித்த அம்மாள், சாக்கின் வாயைக் கட்டினார். கட்டிவிட்டு நேரே வாசலை நோக்கி நடந்தார்.

பெரியவர் பதறிப்போனார். "என்னம்மா இது, பொண்ணைப் பாக்காமலே கிளம்பறீங்க!"

"பொண்ணா?" அம்மாள் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு வந்தவங்க அதோ கார்ல இருந்து இறங்கறாங்க போல. நான் குப்பை வண்டி, ஐயா. வீட்டுல இருக்கிற நச்சுக் குப்பையைத் தனியா எடுத்துட்டுப் போகச் சொல்லி உங்க மருமக நேத்தே போன் பண்ணியிருந்தாங்க!"