டென் நம்பர்ஸ்

மெர்சி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஹார்டுவேர் கடை வாசலில் நின்றுகொண்டு, "போல்ட்டு டென் நம்பர்ஸ், வாஷர் டென் நம்பர்ஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி ஆளை ஒரு முறை முறைத்துவிட்டு, மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள்.

மேலே டியூஷன் சென்டர். சுகிர்தா டீச்சர் போர்டில் 'பாக்டீரியம் – பாக்டீரியா, ஃபங்கஸ் – ஃபங்கை' என்று எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சுகளில் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"செருப்பு விடுற எடத்துல நிக்க வச்சியாமே?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "கிளாஸ் நடக்குது. அப்பறம் பேசலாம்."

"இப்பவே பேசணும். அப்பிடி இன்னா தப்பு?"

"இதெல்லாம் லத்தீன் வார்த்தை, எஸ் சேக்கக் கூடாது, கடைசி எழுத்துதான் மாறும்னு தலதலயா அடிச்சிகினேன். பாக்டீரியம் நெறய இருந்தா இன்னான்னு கேட்டா, 'பாக்டீரியம் டென் நம்பர்ஸ்'னு பதில் வருது. கிளாஸே சிரிக்குது."

பெஞ்சுகளில் மறுபடி சிரிப்பு கிளம்பியது. மெர்சி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

"பழகின வாயி, வந்துடுச்சி. அதுக்காவ இத்தினி பசங்க முன்னாடி மானத்த வாங்குவியா?"

"இங்க வந்துட்டா எல்லாரும் எனக்கு ஒண்ணுதான். ஆளுக்கொரு சட்டம் போட முடியாது."

மெர்சிக்கு வயிறு எரிந்தது. பரீட்சை அடுத்த வாரம். அதில் தேறாவிட்டால் கம்பெனியில் கடைசிவரை மூட்டை தூக்கித்தான் காலம் தள்ள வேண்டும். இந்த நேரத்தில் இவள் சட்டம் பேசுகிறாள்.

"பாதி கிளாஸ்ல அழுதுகினே ஊட்டுக்கு வந்தாச்சு. புஸ்தகத்தத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. பச்சத் தண்ணி பல்லுல படல, சுவத்தப் பாத்துப் படுத்தாச்சு. இனிமே கிளாசே வேணாமாம்."

சாக்பீஸ் நின்றது. "அழுகையா?" என்றாள் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

"பின்ன? ஒன் சட்டத்த இந்த போர்டுலயே எழுதி வச்சிட்டுக் கெளம்பு" என்றாள் மெர்சி. அதுவரை அடக்கியிருந்த அழுகை அவளுக்கும் பொங்கியது.

"ஊட்டுக்கு வந்து உங்கப்பாவுக்கு நீயே சோறு போடு."